‘உங்கள் கணினியில் 32 வைரஸ்’

பெரும்பாலும் அது இப்படித்தான் வரும். பள்ளி வேலைக்கு ஒரு படம் தேடியோ, காசில்லாமல் சினிமா பார்க்கவோ போன பிள்ளை எதையோ சொடுக்குகிறது. திரை முழுக்கச் சிவப்பாகிறது. ஒரு பச்சைப் பட்டை இடமிருந்து வலமாக ஓட, அதன் அடியில் கோப்புப் பெயர்கள் படிக்க முடியாத வேகத்தில் மாறிக்கொண்டே இருக்கின்றன. இருபது வினாடியில் பட்டை நிறைகிறது. ‘உங்கள் கணினியில் 32 வைரஸ் உள்ளன, உங்கள் வங்கி விவரங்கள் ஆபத்தில் உள்ளன’ என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு, கூடவே ஓயாத ஒலி. கீழே ‘இப்போதே நீக்கு’ என்று ஒரு பெரிய பொத்தான். அழுத்தினால் கார்டு எண் கேட்கும். இந்த வணிகம் கொழித்த காலத்தில் வழக்கமான விலை 49.95 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ நூற்றறுபது வெள்ளி.

மலேசியாவின் கோல சிலாங்கூரிலிருந்து ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என்று பரந்து கிடக்கும் செம்பனைத் தோட்டங்களிலும், லயத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய மலிவு வீட்டுத் தாமான்களிலும் இந்த அறிவிப்பு கூடுதல் கனத்தோடு விழுகிறது. இங்கே பல வீடுகளில் ஒரே ஒரு கணினிதான். யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்ததாக இருக்கும். அல்லது கோவிட் காலத்தில் வீட்டிலிருந்தே பாடம் நடந்தபோது சிரமப்பட்டு வாங்கியதாக இருக்கும். அண்ணனின் எஸ்.பி.எம். குறிப்புகள், அக்காவின் கல்யாணப் படங்கள், அப்பாவின் வங்கிக் கணக்கு எல்லாம் அதில்தான். ஆங்கில அறிவிப்பைப் படித்துச் சொல்ல வேண்டியதும் வீட்டிலேயே அதிகம் பயந்துபோயிருக்கும் அந்தப் பிள்ளைதான். “என்னடா சொல்லுது?” என்று அம்மா கேட்கும்போது, தான்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்ற குற்ற உணர்வோடு அது பதில் சொல்கிறது. போலி ஆன்டிவைரஸ் பிழைப்பது இந்தப் பயத்தில்தான். இதை மென்பொருள் என்று பார்ப்பதைவிட விற்பனை முறை என்று பார்த்தால் எளிதில் பிடிபடும். ஆளைப் பார்க்காமலே நோய் சொல்லி, கையோடு மருந்தையும் விற்கிற சந்தை வைத்தியனின் முறை அது.

முதலில் அந்தப் பச்சைப் பட்டையை எடுத்துக்கொள்வோம். இணையப் பக்கம் ஒன்றைத் திறக்கும்போது, யாரென்றே தெரியாத ஒருவர் எழுதிய நிரல் நம் கணினிக்குள் வந்து ஓடுகிறது. அதனால்தான் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் போன்ற உலாவிகள் அந்த நிரலைச் சுற்றி வேலி போட்டு வைத்திருக்கின்றன. 2008-இல் குரோம் வெளிவந்தபோதே, பக்கங்களின் நிரலை ஏறக்குறைய எந்த உரிமையும் இல்லாத தனி அறைக்குள் ஓடவிடும் அமைப்போடுதான் வந்தது. நாமே ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் ஒழிய, இணையப் பக்கத்தால் நம் வட்டில் உள்ள எதையும் திறக்க முடியாது. உள்ளே என்னென்ன பெயரில் கோப்புகள் இருக்கின்றன என்றுகூட அதற்குத் தெரியாது. ஆகவே உலாவிக்குள் தெரியும் எந்த ‘சோதனை’யும் சோதனை அல்ல, வரைந்த படம். 2009 வாக்கில் வந்த இத்தகைய பக்கங்கள் விண்டோஸ் எக்ஸ்பி-யின் ‘மை கம்ப்யூட்டர்’ சாளரத்தை அச்சு அசலாக வரைந்து காட்டும். ஆப்பிள் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தவருக்கும் சி டிரைவும் டி டிரைவும் தெரியும். ஆப்பிளில் அப்படி எதுவுமே கிடையாது.

நேரத்தை வைத்தும் கணக்குப் போடலாம். பழைய மடிக்கணினியின் சுழலும் வட்டு வினாடிக்கு 100 மெகாபைட் படிக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதில் 250 கிகாபைட் நிறைந்திருந்தால், ஒருமுறை முழுதாகப் படிக்கவே நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். உண்மையான ஆன்டிவைரஸ் அதோடு நிற்பதும் இல்லை. ஒவ்வொரு கோப்பையும் அறிந்த தீநிரல்களின் அடையாளங்களோடு ஒப்பிட வேண்டும், சுருக்கிக் கட்டியதைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் நடத்தையையும் கவனிக்க வேண்டும். நினைவகத்தையும் தொடக்க நிரல்களையும் மட்டும் பார்க்கும் விரைவுச் சோதனைக்கே சில நிமிடம் பிடிக்கும். இருபது வினாடியில் வட்டு முழுவதையும் சோதித்தேன் என்பது நடக்காத காரியம்.

சோதிக்காமலே முடிவு சொல்லும் இந்தப் பழக்கம் இருட்டில் ஒளிந்திருப்பவர்களிடம் மட்டும் இருக்கவில்லை. அமெரிக்காவில் ஆஃபிஸ் டிப்போ என்ற பெரிய கடைத்தொடர், கொண்டுவரும் கணினிகளை ‘பிசி ஹெல்த் செக்’ என்ற நிரலால் இலவசமாகச் சோதித்துக் கொடுத்தது. தொடக்கத்தில் நான்கு கேள்விகள்: கணினி மெதுவாக இருக்கிறதா, விளம்பரச் சாளரங்கள் அடிக்கடி வருகின்றனவா என்ற மாதிரி. அவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ‘ஆம்’ என்று குறியிட்டாலே, தீநிரல் அல்லது அதன் அறிகுறி இருப்பதாக முடிவு வந்துவிடும். இடையில் ஓடிய சோதனைக்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லை. பிறகு, சரிசெய்ய நூற்றுக்கணக்கான டாலர். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் வழக்குத் தொடர்ந்தது. 2019 மார்ச்சில் அந்தக் கடைத்தொடர் 25 மில்லியன் டாலரும், மென்பொருளைக் கொடுத்த சப்போர்ட்.காம் 10 மில்லியன் டாலரும் கட்ட ஒப்புக்கொண்டன. பெயர் பெற்ற கடையின் கண்ணாடிக் கதவுக்குள்ளேயே இது நடந்தது. ஆகவே பழுதுபார்க்கும் கடை எதுவானாலும், ‘வைரஸ் இருக்கு’ என்று சொன்னால் எந்தக் கோப்பில், என்ன பெயரில், எந்த நிரல் கண்டுபிடித்தது என்று திரையில் காட்டச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. நல்ல கடைக்காரர் தயங்காமல் காட்டுவார்.

இருட்டு வணிகத்தின் அளவோ இதைவிடப் பல மடங்கு. இன்னோவேட்டிவ் மார்க்கெட்டிங் என்ற நிறுவனம் பெலிஸ் நாட்டில் பதிவாகி, உக்ரேனின் கீவ் நகரிலிருந்து இயங்கியது. வின்ஃபிக்ஸர், டிரைவ்கிளீனர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் எல்லாம் அதன் சரக்கு. 2008 டிசம்பரில் அதே ஆணையம் இதன்மீது வழக்குப் போட்டபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏமாந்திருப்பதாகக் கூறியது. 2012-இல் வந்த தீர்ப்பில் 163 மில்லியன் டாலருக்கு மேல் கட்டச் சொன்னார்கள்.

2010-இல் மினியாபொலிஸ் நகரின் ஸ்டார் டிரிபியூன் நாளிதழுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு விடுதித் தொடருக்கு விளம்பர இடம் வாங்கும் முகவர்கள் போல லாட்வியாவிலிருந்து சிலர் அணுகினார்கள். நாளிதழ் சோதித்தபோது அந்த விளம்பரம் சுத்தமாக இருந்தது. வெளியான பிறகு அதன் பின்னால் இருந்த நிரலை மாற்றிவிட்டார்கள். நாளிதழ் படிக்க வந்தவர்களின் கணினிகளில் போலி ஆன்டிவைரஸ் முளைத்தது. கெட்ட தளத்துக்குப் போனால்தான் இது வரும் என்று பிள்ளையை வைகிற பெற்றோர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வணிகத்தை உள்ளிருந்தே பார்க்கும் வாய்ப்பும் ஒருமுறை கிடைத்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாக ஆய்வாளர்களுக்கு, மூன்று போலி ஆன்டிவைரஸ் கும்பல்களின் சர்வர்களில் இருந்த கணக்குவழக்குகள் கைக்கு வந்தன. 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த மூன்றும் சேர்ந்து 130 மில்லியன் டாலருக்கு மேல் விற்றிருப்பதாகக் காட்டினார்கள். போலி நிரல் ஏறிய நூறு கணினிகளில் ஏறக்குறைய இரண்டின் உரிமையாளர்களே பணம் கட்டினார்கள். அதுவே இவ்வளவு சேர்த்துவிட்டது. ஆய்வில் என் மனதில் பதிந்தது வேறொன்று. இந்தக் கும்பல்கள், கேட்டவர்களில் சிலருக்குப் பணத்தைத் திருப்பியும் கொடுத்தன! இரக்கத்தால் அல்ல. வாடிக்கையாளர்கள் வங்கியிடம் புகார் செய்து பணத்தைத் திரும்பப் பெறும் எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டினால், கார்டு நிறுவனங்கள் அந்த வணிகரின் கணக்கையே மூடிவிடும். புகார்கள் அந்த எல்லையை நெருங்கும்போது பணத்தைத் திருப்பித் தருவதைக் கூட்டி, எண்ணிக்கையை எல்லைக்குக் கீழே பிடித்துவைத்தார்கள். காவல்துறையைவிட அவர்கள் அஞ்சியது, ஏமாந்தவர் வங்கிக்குப் போடும் ஒரு தொலைபேசி அழைப்புக்கு. ‘ஐயோ, வெளியே சொன்னால் கேவலம்’ என்று நம் வீடுகளில் அந்த அழைப்பைத்தான் போடாமல் விட்டுவிடுகிறோம்.

கார்டு வழி அடைபட அடைபட, வேலை தொலைபேசிக்கு மாறியது. 2012 அக்டோபரில் அமெரிக்க ஆணையம் ஒரே நேரத்தில் ஆறு வழக்குகள் தொடுத்தது. அவற்றில் பெரும்பாலான கும்பல்கள் இந்தியாவிலிருந்து இயங்கியவை. மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம் என்பார்கள். விண்டோஸில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று ஒரு பகுதி உண்டு, கணினி தன் அன்றாட நடப்பையெல்லாம் குறித்துவைக்கும் இடம் அது. எந்த நல்ல கணினியிலும் அங்கே சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கான வரிகள் கிடக்கும். ஏதோ ஒரு சேவை தாமதமாகத் தொடங்கினாலும் ஒரு மஞ்சள் வரி விழும். அதைத் திறக்கச் சொல்லி, ‘பாருங்கள், இத்தனையும் வைரஸ்’ என்பார்கள். மனம் உடைந்தவரிடம் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற நிரலை ஏற்றச் சொல்லி, கணினியை முழுதாகத் தங்கள் கைக்கு எடுத்துக்கொள்வார்கள். இன்று சிவப்புத் திரையில் கார்டு எண் கேட்பதற்குப் பதிலாகத் தொலைபேசி எண் இருந்தால் அதன் பொருள் இதுதான். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் அழைக்கச் சொல்லித் தொலைபேசி எண் இருக்காது.

இப்போது அகற்றும் வேலைக்கு வருவோம். முதலில் இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: வந்தது வெறும் பக்கமா, அல்லது நிரல் ஒன்று கணினியில் ஏறிவிட்டதா?

வெறும் பக்கம் என்றால் கணினிக்கு எதுவும் ஆகவில்லை. பக்கத்துக்குள் இருக்கும் எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். மூலையில் உள்ள பெருக்கல் குறியும் வரைந்த படமாக இருக்கலாம். ‘எஸ்கேப்’ விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் உலாவி மூடும். அதற்கும் அசையாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் உலாவியைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். மறுபடி திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா?’ என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்றுவிடுங்கள்.

பக்கத்தை மூடிய பிறகும் திரையின் வலது கீழ் மூலையில் ‘உங்கள் மெக்காஃபி காலாவதியானது’, ‘நார்ட்டன் 5 வைரஸ் கண்டது’ என்று மணிக்கொருமுறை பெட்டி எழுந்தால், பெரும்பாலும் அது வைரஸ் அல்ல. எப்போதோ ஒரு தளம் ‘அலவ்’ அழுத்தச் சொன்னபோது அழுத்திக் கொடுத்த அனுமதி அது. குரோம் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் தள அமைப்புகள், அதற்குள் அறிவிப்புகள் என்று போனால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர்களையெல்லாம் நீக்கினால் அந்த நிமிடமே தொல்லை ஓய்ந்துவிடும். இதற்காகக் கடைக்குக் கொண்டுபோய் விண்டோஸையே புதிதாக ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. இரண்டு நிமிட வேலைக்குப் படங்களெல்லாம் அழிந்து போகின்றன.

நிரலே ஏறிவிட்டால் கதை வேறு. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த ஒரு குடும்பம் எக்ஸ்பி-யில் ஏறினால் ‘எக்ஸ்பி’ என்றும், விஸ்டாவில் ‘விஸ்டா’ என்றும், விண்டோஸ் 7-இல் ‘வின் 7’ என்றும் தன் பெயரையே மாற்றிக்கொள்ளும். எந்த நிரலைத் திறந்தாலும் தன் வழியாகவே திறக்கும்படி அமைப்பை மாற்றிவிட்டு, ‘இந்த நிரலில் வைரஸ்’ என்று தடுக்கும். டாஸ்க் மேனேஜரும் திறக்காது, உண்மையான ஆன்டிவைரஸும் திறக்காது. இன்றைய போலிகள் இவ்வளவு முரட்டுத்தனம் காட்டுவதில்லை. எடுக்கும் வழி மட்டும் மாறவில்லை.

முதல் வேலை இணையத்தைத் துண்டிப்பது. வைஃபையை அணையுங்கள். பிறகு ‘ஷிஃப்ட்’ விசையைப் பிடித்துக்கொண்டு ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் நீலத் திரை வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று போய், அங்கேயும் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, வரும் பட்டியலில் 4-ஐ அழுத்தினால் ‘சேஃப் மோடு’. கணினி எழும்போது தானாக ஓடும் நிரல்கள் பெரும்பாலும் இங்கே எழுவதில்லை. போலி நிரலும் தூங்கிக்கொண்டிருக்கும். அமைப்புகளில் நிரல் பட்டியலை ஏற்றிய தேதிப்படி வரிசைப்படுத்தினால், தொல்லை தொடங்கிய நாளில் வந்தவர் யார் என்று தெரிந்துவிடும். நீக்குங்கள். எனிடெஸ்க் போன்றவற்றை நீங்களே தேடி ஏற்றவில்லை என்றால் அவற்றையும் நீக்குங்கள். சேஃப் மோடில் நீங்க மறுப்பதைச் சாதாரண நிலைக்கு வந்து, இணையம் இல்லாமலே நீக்கிப் பார்க்கலாம்.

அடுத்து, விண்டோஸோடு வரும் டிஃபெண்டரில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்று ஒன்று இருக்கிறது. கணினி மறுபடி தொடங்கி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே கால் மணி நேரம் போல வட்டைச் சோதிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் தீநிரலால் தன்னை மறைத்துக்கொள்ள முடியும், ஓடாததால் முடியாது. இந்தச் சோதனையின் பலம் அதுதான். டிஃபெண்டரையே முடக்கியிருந்தால், வேறொரு நல்ல கணினியில் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை இறக்கி பென்டிரைவில் கொண்டுவாருங்கள். இறக்கிய பத்து நாளில் அது காலாவதியாகும், ஆகவே ஒவ்வொரு முறையும் புதிதாகவே இறக்க வேண்டும். கடைசியாக நெட்வொர்க் அமைப்பில் நாம் போடாத ‘பிராக்ஸி’ ஏதும் போடப்பட்டிருக்கிறதா, உலாவியில் தெரியாத நீட்டிப்பு எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இவற்றை விட்டுவிட்டால் போனது திரும்பி வரும். இவ்வளவுக்குப் பிறகும் ஓயவில்லை என்றால் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் நகலெடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதே நல்லது. அப்போதாவது திருட்டு விண்டோஸ் வேண்டாம். அதை இயக்கும் ‘கிராக்’ நிரல்கள் முதலில் கேட்பதே டிஃபெண்டரை அணைக்கச் சொல்லித்தான். வீட்டின் காவலை நாமே எழுப்பி வெளியே அனுப்பிய பிறகு உள்ளே யார் வந்தாலும் தெரியாது.

பணம் போயிருந்தால் கணினியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் வங்கியை அழைத்து அந்தக் கார்டை நிறுத்தி, கட்டிய தொகையை மறுத்துப் புகார் கொடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடிப் பதில் நடவடிக்கை மையத்தின் எண் 997. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் தடுக்க வழி இருக்கும். கணினித் தொல்லைக்கு சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவிச் சேவை 1-300-88-2999 என்ற எண்ணில் இருக்கிறது. கடவுச்சொற்களை மாற்றுவது அவசியம், அதைச் சந்தேகமில்லாத வேறொரு கருவியில் செய்யுங்கள்.

தோட்டப்புறத்தில் இன்று கணினியைவிடக் கைப்பேசி அதிகம். ஏமாற்றும் அங்கே போய்விட்டது. 2014-இல் கூகள் பிளேயில் 3.99 டாலருக்கு விற்ற ‘வைரஸ் ஷீல்டு’ என்ற செயலி, தொட்டால் பெருக்கல் குறியைச் சரிக் குறியாக மாற்றியது. வேறெதுவும் அது செய்யவில்லை. பணம் கொடுத்து வாங்கியவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். 2022 ஏப்ரலில் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்திய மோசடி நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது. வீடு சுத்தம் செய்யும் மலேசியச் சேவைகள் போலத் தளங்களை அமைத்து, அங்கிருந்து ஆண்ட்ராய்டு செயலியை ஏற்றச் சொன்னார்கள். பணம் கட்டும் இடத்தில் எட்டு மலேசிய வங்கிகளின் போலிப் பக்கங்கள் இருந்தன. வங்கி அனுப்பும் குறுஞ்செய்திகளையும் செயலி அவர்களுக்குக் கடத்தியது. கூகள் பிளேக்கு வெளியே இருந்து, அதுவும் வாட்ஸ்அப்பில் வரும் எந்த ஏ.பி.கே. செயலிக் கோப்பையும் ஏற்றாதிருந்தால் இதில் பெரும்பகுதி நெருங்காது.

ஆன்டிவைரஸுக்குக் கட்டாயம் காசு கட்ட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரண வீட்டுக்குத் தேவையில்லை. விண்டோஸ் 8 வந்த 2012-இலிருந்தே முழு ஆன்டிவைரஸ் உள்ளேயே இருக்கிறது. புதுக் கணினியோடு வந்த சோதனைப் பதிப்பு காலாவதியாகிப் பயமுறுத்திக்கொண்டிருந்தால் அதை நீக்கிவிடுங்கள், டிஃபெண்டர் தானாக வேலையை எடுத்துக்கொள்ளும். ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று ஸ்டார்ட் மெனுவில் நீங்களே தேடித் திறந்தால், இப்போது காவலில் இருப்பது யார் என்று அங்கே எழுதியிருக்கும். திரையில் தானாக எழுந்து கத்தும் எதையும் அங்கே போய்ச் சரிபார்க்கலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய மடிக்கணினி வைத்திருப்போர் விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாதவர்கள் அந்தக் கணினியில் வங்கி வேலை செய்யாமல் இருப்பது நல்லது.

ஒரே கணினியைக் குடும்பமே பகிர்ந்துகொள்ளும் வீட்டில் இன்றே செய்யக்கூடிய ஒரு மாற்றம் உண்டு. விண்டோஸ் அமைப்புகளில் ‘அக்கவுன்ட்ஸ்’ பகுதிக்குப் போய், பிள்ளைகளுக்கு ‘ஸ்டாண்டர்டு’ வகைக் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ கணக்கின் கடவுச்சொல் அம்மாவிடமோ அப்பாவிடமோ இருக்கட்டும். கணினியின் அமைப்பைத் தொடும் எந்த நிரலை ஏற்றப் பார்த்தாலும் அந்தக் கடவுச்சொல்லை விண்டோஸ் கேட்கும். பிள்ளை எழுந்து போய், “அம்மா, என்னமோ ஏத்தச் சொல்லுது” என்று சொல்லியாக வேண்டும். அப்போது வையாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், அடுத்த முறையும் அது வந்து சொல்லும்.